ஆள் சூடு

இருபத்தாறு புள்ளி நான்கு இரண்டு. உட்கார்ந்தபோதும் அதுதான், இப்போதும் அதுதான். முக்காலியின் மேலிருந்த சாம்பல் நிறப் பெட்டியில் இரண்டு வரிகள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. மேல் வரி வெப்பம், கீழ் வரி காற்றழுத்தம். வெள்ளைக்கரடு குகையின் உள்ளறையில் அதைவிட்டால் வேறு வெளிச்சம் இல்லை. மங்கையர்க்கரசி தலைவிளக்கை அணைத்துவிட்டிருந்தாள். அணைத்த பிறகுதான் அணைத்தது சரியா என்று யோசித்தாள். வழக்கமாக என்ன செய்வாளோ அதையே இன்றும் செய்ய வேண்டும் என்றுதானே வந்தது. வழக்கமாக அணைப்பாளா? அணைப்பாள். நெற்றியில் அந்தச் சின்ன விளக்கின் சூடுகூடத் தாங்காமல் முதல் வேலையாக அதைத்தான் அணைப்பாள், பிறகு சுவரில் முதுகைச் சாய்ப்பாள். இன்றும் சாய்ந்திருந்தாள். சுவரில் பின்கழுத்து உயரத்தில் ஒரு வெடிப்பு, விரல் நுழையும் அகலம். வெடிப்புக்கு அந்தப் பக்கம் பயணிகள் சுற்றிப் பார்க்கும் பெருங்கூடம். இன்று திங்கள், குகைக்கு விடுமுறை, பெருங்கூடத்தில் பயணி என்று ஒரு ஆள் இல்லை. அவளுக்கும் திங்கள் விடுமுறைதான். இந்தக் குகையில் கருவி வைத்த ஆறு வருடத்தில் ஒரு திங்கட்கிழமைகூட அவள் உள்ளே வந்ததில்லை. இன்று வந்து, வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில், பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். எண் அசையாமல் இருந்தால் பழி பயணிகளுடையது. ஏறினால் அவளுடையது. குகையை மூடுவதா என்று முடிவெடுக்க மூன்று மணிக்கு டவுனில் கூட்டம். அதற்குள் தெரிந்துவிடும்.

“யக்கா, உயிரோட இருக்கீகளா?” வெடிப்பு வழியாக வீரணனின் குரல் வந்தது. வழிகாட்டிகளில் ஒருவன், வாசல் பதிவேடும் அவன் பொறுப்பு. உள்ளறைக்கு யார் போனாலும் வெளியே ஒரு ஆள் இருந்து கால் மணிக்கொரு தரம் குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெருங்கூடத்தின் வாசலோடு உட்கார்ந்துகொள், உள்ளே வராதே என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. “இருக்கேன்ப்பா.” “நம்ம குகைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு? ஊசி போட்டீகளா?” உள்ளறை சூடேறுகிறது என்று துறை கொடுத்த அறிக்கையைப் பதினான்கு வழிகாட்டிகளும் காய்ச்சல் ரிப்போர்ட் என்றுதான் சொல்வார்கள். “பேசாம இரு வீரணா.” “சரிக்கா. நாளையிலேர்ந்து பேசாமதான இருக்கப் போறோம்.” சிரிப்பு பாறையில் இரண்டு தரம் இடித்து அடங்கியது. அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருக்கலாம். காய்ச்சலை எழுதியவள் அவள்தானே, தினம் இங்கே வந்து எண்ணைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு போனவள். பேராசிரியர் நடனசபாபதி அவற்றோடு பெட்டி இரவும் பகலும் தானாகப் பதிந்த எண்களையும் சேர்த்துக் கோடாக்கினார், கோட்டில் ஒரு மேடு தெரிந்தது. பதினொரு மாதத்துக்கு முன்னால் இல்லாத மேடு. தினமும் பத்தே முக்காலுக்குத் தொடங்கி, பதினொன்றரைக்கு உச்சிக்குப் போய், ஒரு மணிக்குள் சரிந்துவிடும். கால் டிகிரிகூட இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வருடங்கள் ஒரே சூட்டில் இருந்த அறைக்குக் கால் டிகிரி என்பது சாதாரணமா? சார் அப்படித்தான் கேட்டார். திங்கட்கிழமைகளில் மேடு இல்லை. திங்கள் பயணிகள் இல்லை. சார் மேசையைத் தட்டி எழுந்து நின்றுவிட்டார். பத்து மணிக்கு மேல் வெளியே காற்றழுத்தம் இறங்கும், இறங்கும்போது குகை உள்ளறைப் பக்கத்து இடுக்குகள் வழியாக மூச்சை வெளியே விடும், பெருங்கூடத்தில் பயணிகள் விட்ட சூடு வெடிப்பு வழியாக உள்ளறைக்கு வரும். மூடணும் மங்கை மேடம், குறைந்தது ரெண்டு வருஷம் மூடணும். அவரைவிட ஒன்பது வயது மூத்தவள் என்பதால் மேடம். வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போகும் கட்டுரையில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. பத்தொன்பது வருட வேலையில் அவள் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. மங்கையர்க்கரசி என்று முழுசாகப் போடுங்க சார் என்று அவளே போய்ச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி ஆறு, ஏழு. அங்கேதான் சிக்கிக்கொண்டு நிற்கிறது. போன வியாழக்கிழமை, கூட்டத்துக்காகக் கடைசிப் படங்களை அச்செடுத்துக்கொண்டிருந்தபோது பார்த்தாள். பிப்ரவரி ஆறிலும் ஏழிலும் மேடு இல்லை. செவ்வாயும் புதனும். தட்டையான கோடு, திங்கட்கிழமைக் கோடு மாதிரி. சாரிடம் காட்டினாள். கூட்டம் குறைவாக இருந்திருக்கும் என்றார், விட்டுவிட்டார். அவள் கையிலிருந்த காகிதத்தை விடவில்லை. பிப்ரவரி ஆறு, ஏழு. என்னவோ ஒரு வாசனை வந்தது. பன்னீர், புதுத் துணி, பந்தி இலை. நாத்தனார் மகள் கல்யாணம். இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். பதினொரு மாதத்தில் அவள் போட்ட லீவு அந்த இரண்டு நாள்தான். முகூர்த்த நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையோடு நின்றபோது அது வந்தது. அடிவயிற்றில் யாரோ கொள்ளியைச் செருகியதுபோல் தொடங்கி மார்பு, கழுத்து, காது மடல் என்று ஏறி, உச்சந்தலையில் மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் வேர்த்து, கையில் அட்சதை நனைந்து கொழகொழத்தது. யாரோ சொன்னார்கள், பெண்ணைப் பெத்தவளுக்கே இப்படி வேர்க்கலை. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அப்போது வெள்ளைக்கரட்டு உள்ளறையில் கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலமே வீரணனுக்குப் போன் போட்டு, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். பிப்ரவரி முதல் வாரமாக்கா? ரெண்டு ஸ்கூலு வந்துச்சே, நாலு பஸ்ஸு, நடக்க எடமில்ல, ஒரு பய வாந்தி எடுத்தான், ஏன்க்கா? சும்மாதான்ப்பா என்றாள்.

நான்கு இரண்டு. மணி பத்து நாற்பது. அழுத்தம் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு புள்ளி ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கியிருந்தது. இறங்கத் தொடங்கிவிட்டது, எந்த நாளும் இறங்குவதுபோலத்தான். இனி மூச்சு வரும். வந்தது. முதலில் அது காற்று என்றே தெரியாது, பின்கழுத்தில் மயிர் ஒன்று திரும்பிப் படுப்பதுபோல இருக்கும். பிறகுதான் குளுமை. மே மாதம், வெளியே நாற்பது டிகிரி. பஸ்ஸில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. இந்த வெடிப்பிலிருந்து வரும் ஒரு விரல் அகலக் காற்றுக்காக அவள் என்னவெல்லாம் தந்திருப்பாள். தந்துவிட்டாளோ. பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், கருவியைப் பார்த்துக் குறித்துவிட்டுத் திரும்பும்போது சூடு ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கழுத்தில் இந்தக் காற்று பட்டது. அன்று எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் சூடு வரவில்லை, இருந்தும் உட்கார்ந்தாள். வந்தாலும் வராவிட்டாலும் உட்காருவது என்று ஆகிவிட்டது. வீட்டில் உட்கார இடம் இல்லையா என்றால், இருக்கிறது. கணவர் கோதண்டம் சோபாவில் ஒரு பக்கம் நகர்ந்துகொள்வார், டாக்டரைப் பாரேன் என்பார், டீவியைப் பார்ப்பார். டாக்டரம்மா இது எல்லாருக்கும் வர்றதுதான் என்றாள். எல்லாருக்கும் வருவதை எல்லாரும் எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்க நினைத்தாள். இங்கே யாரும் பார்க்கவில்லை. இருட்டு, கல், காற்று. புடவைத் தலைப்பை எடுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அவள் மறந்துபோனாள். அவளா மறந்தாள்? ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் நாள் பாடம் அவள்தான் எடுப்பாள். ஆள் சூடு படக் கூடாது. துறையில் அது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது, ஆள் சூடு. ஒரு மனுஷ உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் பல்பு மாதிரி, பத்து நிமிஷத்துக்கு மேல் நிக்காதீங்க, மூச்சை அந்தப் பக்கம் திருப்பி விடுங்க, அஞ்சு எட்டு தள்ளி நின்னு படிங்க. ஒரு பையன் கேட்டான், அப்ப உங்களுக்கு எத்தனை வாட் மேடம்? வகுப்பே சிரித்தது. அவள் சொன்னதை அவளே செய்யவில்லை என்று சொன்னால் போதுமா? சார் முதலில் பார்த்ததே ஆள் சூடுதான். அவர் முட்டாள் இல்லை. வாசல் பதிவேட்டை வாங்கிவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். உள்ளே 10.30, வெளியே 10.40. உள்ளே 10.28, வெளியே 10.38. எல்லாம் பத்து நிமிடம். உங்களை மாதிரி ஒழுங்கா வேலை செய்யறவங்க கிடைக்க மாட்டாங்க என்று பதிவேட்டை மூடினார். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பொய் எழுதினாளா? எழுதவில்லை. வெள்ளைக்கரட்டில் பழக்கம் அப்படி. உள்ளே போகும்போதே வீரணன் இரண்டு நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவான். ஐந்து வருடம் பத்து நிமிடத்தில்தான் வெளியே வந்தாள், அவன் எழுதியது சரியாகத்தான் இருந்தது. பிறகு பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது, எழுத்து பத்து நிமிடமாகவே இருந்தது. அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டாள். முந்நூறு கையெழுத்துக்குக் கொஞ்சம் குறையும்.

நான்கு மூன்று.

கண் தப்பாகப் படித்ததோ என்று குனிந்தாள், குனிந்தால் முகம் பக்கத்தில் போகும் என்று உடனே நிமிர்ந்தாள். நான்கு மூன்று. ஒன்று ஏறுவது ஒன்றுமில்லை. கருவி தனக்குத்தானே ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். நான்கு இரண்டு ஆயிற்று. பார்த்தாயா. மூச்சை மெதுவாக, இடது பக்கமாக, சுவரை நோக்கி விட்டாள். அப்படி விடக் கூடாதே, வழக்கம்போல விட வேண்டும். வழக்கமாக எப்படி மூச்சு விட்டாள் என்பது இப்போது மறந்துபோனது. நான்கு மூன்று. நான்கு நான்கு. உடம்பைச் சின்னதாக்கிக்கொள்ள முடியுமா? தோளைக் குறுக்கினாள். கூட்டத்தில் எட்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நீள மேசை, எட்டும் ஆண்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். என்ன சொல்லி ஆரம்பிப்பது? ஐயா, உள்ளறையில் நான் அதிக நேரம் இருந்தேன். எதற்காக இருந்தீர்கள்? அங்கேதான் நின்றுவிடுகிறது. வியாழனிலிருந்து எத்தனை தரம் நினைத்தாலும் அந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. உடம்பு சரியில்லை என்றால் என்ன உடம்பு என்பார்கள். மயக்கம் என்றால் பதினொரு மாதமா என்பார்கள். அதற்குச் சொல் இருக்கிறது, டாக்டரம்மாவின் சுவரில் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறது, அந்தச் சொல்லை அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். சார் தலையைக் குனிந்துகொள்வார். அவர் நல்லவர், கோபப்பட மாட்டார், அதுதான் கஷ்டம். பிறகு கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். பிறகு அடுத்த மாதம் அவள் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும், யார் கையெழுத்துப் போடுவார்கள்? சொல்லாமல் இருந்தால் ஒன்றுமே நடக்காது. குகையை மூடுவார்கள். குகைக்கு நல்லதுதானே? பயணிகள் சுவரில் பெயர் கீறுகிறார்கள், தொட்டுத் தொட்டுப் பாறையைக் கறுக்க வைத்துவிட்டார்கள். மூடினால் குகைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீரணன் வேறு வேலைக்குப் போவான், திருப்பூர் போவான், எல்லாரும் போகிறார்கள். நான்கு ஆறு.

அப்போது அது வந்தது. வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்த அதே கணத்தில், நினைத்ததற்காகவே வந்ததுபோல. அடிவயிறு, மார்பு, கழுத்து. காது இரண்டும் அடைத்துக்கொண்டு உள்ளே இரத்தம் இரைந்தது. கண்ணை மூடினாள், மூடினால் இன்னும் சூடு. ரவிக்கை முதுகோடு ஒட்டியது. வெடிப்பின் காற்று பின்கழுத்தில் பட்டு, வேர்வையைத் தொட்டு, தோளைத் தாண்டி முன்னால் போவது தெரிந்தது. எத்தனை நாள் அந்தக் காற்று தன்னைக் குளிர்விக்க வருகிறது என்று மட்டும் நினைத்திருக்கிறாள். குளிர்வித்துவிட்டு அது எங்கே போகிறது என்று நினைத்ததில்லை. போகும் வழியில் ஒரு முழத்தில் பெட்டி இருந்தது. கண்ணைத் திறந்தாள். ஐந்து ஒன்று. ஐந்து மூன்று. எண்கள் அவசரமில்லாமல், யாரோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல ஏறின. ஐந்து நான்கு. பெருங்கூடத்தில் பயணிகள் இல்லை, வீரணன் ஒருவன் வாசலோடு இருக்கிறான். தலைவிளக்கு அணைந்திருக்கிறது. இங்கே சூடு என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

எழுந்து ஐந்து எட்டு தள்ளிப் போனால் அரை மணியில் இறங்கிவிடும். பெட்டிக்குள் பதிந்தது இருக்கும், ஆனால் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள், சேர்த்து அழுத்திப் பத்து எண்ண வேண்டும். மின்கலம் மாற்றினேன் சார், அப்போது திங்கட்கிழமைப் பதிவு மட்டும் போய்விட்டது. போகட்டும் மேடம், திங்கட்கிழமைதானே என்பார். திங்கட்கிழமையில் என்ன இருக்கப்போகிறது. விரல்கள் பொத்தான்களின் மேல் இருப்பதைப் பிறகுதான் கவனித்தாள். எப்போது கையை நீட்டினாள் என்று தெரியவில்லை. ஈர விரல்கள். பெட்டியின் உலோகம் குளிர்ந்து கிடந்தது. ஐந்து ஏழு என்று எண் ஓடியது, கை பக்கத்தில் போனதால் இன்னும் வேகமாக. ஒரு உடம்பு என்றுதான் பெட்டிக்குத் தெரியும், யாருடையது என்று தெரியாது. தெரிந்ததை எழுதிக்கொண்டிருக்கிறது. கையை இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை, மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை விழுந்தது. சூடு வந்த மாதிரியே இறங்கத் தொடங்கியது. கழுத்து ஆறியது. எண் ஆறவில்லை, ஐந்து ஒன்பதில் நின்று யோசித்து ஆறு பூஜ்யம் ஆனது. மணி பதினொன்று இருபது. மடியில் நோட்டை விரித்து, பச்சை வெளிச்சத்தில் நேரத்தையும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்தாள். கடைசிக் கட்டம் குறிப்பு. ஆறு வருடமாக அதில் ‘இயல்பு’ என்றுதான் எழுதி வந்தாள். பேனாவை வைத்த இடத்தில் மை ஊறிப் புள்ளி பெரிதாயிற்று. எழுதினாள்: ஆள் அருகில். ஒரு முழம். ஐம்பத்தைந்து நிமிடம்.

“யக்கா! பன்னெண்டு பஸ்ஸ விட்டா மூணு மணிக்குப் போய்ச் சேர மாட்டீக.”

“வர்றேன். நீயும் சட்டையை மாத்திட்டுக் கிளம்பு, வீரணா.”

“நானா? அங்க நான் எதுக்குக்கா? பெரிய மனுசங்க மீட்டிங்கு.”

“நான் தினம் இங்க எவ்வளவு நேரம் இருப்பேன்னு உனக்குத் தெரியுமா?”

செருப்புச் சத்தம், வாசலிலிருந்து எழுந்து கூடத்துக்குள் நடந்து வந்திருக்க வேண்டும். குரல் பக்கத்தில் கேட்டது, தணிந்து.

“தெரியும்க்கா. பதிவேட்டுல பத்து நிமிசம்னே போட்டு வச்சிருக்கேன். அத யார்ட்டயும் சொல்லலக்கா, சத்தியமா.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“நம்ம பயலுக எல்லாத்துக்கும் தெரியும். பதினாலு பேருக்கும். முன்னாடி எல்லாம் இந்த வெடிப்புகிட்டதான் ஆளுகள நிப்பாட்டி, குகை மூச்சு விடுது பாருங்கன்னு காட்டுவோம். இப்ப காட்டுறதில்ல. பத்தரைக்கு மேல இந்தப் பக்கமே ஆள விடுறதில்ல, அந்தப் பக்கமா சுத்திக் கூட்டிட்டுப் போயிருவோம்.”

“ஏன்?”

“மூக்குறிஞ்சுற சத்தம் கேக்கும்க்கா. நீங்க அழுகுறீகன்னு நெனச்சோம். வீட்டுல என்னமோ கஷ்டம் போல, பாவம், இங்கயாச்சும் நிம்மதியா அழுதுட்டுப் போகட்டும்னு.”

பதினொரு மாதம். பதினான்கு பேர் கூடிப் பேசி, அவளுக்கே தெரியாமல், ஊர் ஊராக வந்த கூட்டத்தையெல்லாம் சுவரிலிருந்து விலக்கி நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் அப்படிச் செய்த ஒவ்வொரு நாளும் அவர்களுடைய பயணிகளின் சூடு என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மேசையும் எட்டு தண்ணீர் பாட்டில்களும் நினைவுக்கு வந்தன. அங்கே முதலில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தது இங்கே, முகம் தெரியாத ஒரு வெடிப்புக்கு முன்னால் வந்து நிற்கிறது. வெடிப்பின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“அழலை, வீரணா. வேர்த்துச்சு.”

“வேர்த்துச்சா? இந்தக் குளுமையிலயா?”

“ஆமா. பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வரும். மாசாமாசம் வர்றது நிக்கிற சமயத்துல வரும். இந்தப் பெட்டி காட்டுறது அந்தச் சூடுதான், உங்க பயணிகளோடது இல்ல. இதை நான் அங்க சொல்லப் போறேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்னு நீ சொல்லணும்.”

அந்தப் பக்கம் அவன் என்ன முகத்தோடு நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன், “எங்க அம்மாவும் அடுப்படியிலேர்ந்து திடீர்னு எந்திரிச்சு வெளிய ஓடும்க்கா” என்றான். கொஞ்சம் கழித்து, “சட்ட மாத்திட்டு வர்றேன்” என்றான்.

செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. பெட்டியில் ஆறு ஒன்று ஆகியிருந்தது. கூட்டத்தில் காட்டும் அளவுக்குக் கோடு தெளிவாக விழ இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். அவள் முதுகைச் சுவரோடு வைத்தபடி அங்கேயே இருந்தாள்.